இளைத்துப் போன வருஷம்

என்னை யாராவது குண்டு என்று சொன்னால் அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். அந்தமானில் போர்ட் பிளேருக்கு வந்த முதல் வருஷத்திலேயே என் அண்ணனை மலேரியாவுக்குப் பறிகொடுத்தவள் அவள். அப்பாவுக்கு பி.டபிள்யூ.டி.யில் வேலை, விட்டுவிட்டுப் போக வழியில்லை. மதராஸில் இருந்த பெரியப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "அடுத்த புள்ள இளைச்சு வந்துச்சுன்னா திருப்பி அனுப்ப மாட்டேன். இங்கயே வளரட்டும்." அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். அந்த அடுத்த பிள்ளை நான்.

எங்களைப் போன்ற குடும்பங்களில் அப்போது அதுதான் வழக்கம். லீவில் மெயின்லேண்ட் போனால், துறைமுகத்திலேயே சொந்தக்காரர்கள் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். சதை இருந்தால் தீவு ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். அதனால் கப்பல் டிக்கெட் கிடைத்ததுமே நாங்கள் குடியிருந்த டெய்ரி ஃபார்ம் பேட்டை வீடுகளில் பிள்ளைகளுக்குத் தீனி ஆரம்பமாகிவிடும். எங்கள் வீட்டில் வருஷம் பூராவும் அந்தக் கூத்துதான். டின் பால், தேங்காய்ப்பால் சாதம், பொரித்த மீன். போதும் என்றால், "அண்ணனும் இப்படித்தாண்டி போதும் போதும்னான்" என்பாள். அதற்குமேல் என்ன பேச? வாயைத் திறப்பேன்.

பதினோரு வயதில், பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறும்போது மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு பெங்காலி டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சுவலி உண்டா என்று இந்தியில் கேட்டார். என் சித்தப்பா அதில்தான் போனார், அவரும் நல்ல பருமன் என்று அப்பா சொன்னார்.

"பச்சீ கோ பத்லா கரோ, அபீ சே" என்றார் டாக்டரம்மா, அம்மாவைப் பார்த்து.

அம்மாவுக்கு இந்தி நன்றாகப் புரியும். இருந்தும் அப்பா பக்கம் திரும்பினாள்.

"இப்பவே இளைக்க வைக்கணுமாம். இல்லைன்னா வளர்ந்தப்புறம் இதயத்துல வந்து நிக்குமாம்" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தது.

"இளைச்ச புள்ளையக் கொண்டுபோய் நிறுத்தினா உங்க அண்ணன் சும்மா விடுவாரா? இதையும் பறிகொடுக்கச் சொல்றீங்களா?"

"அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"நீங்க பேசிக் கிழிச்சதைத்தான் பார்த்தேனே!"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, டின் பாலை நிறுத்தினாள். பள்ளிக்கூடத்துக்கு இனி பஸ் கிடையாது, நடைதான். இன்னொரு கரண்டி சாதம் கேட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். பசி வயிற்றைக் கிள்ளும். அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வரும் எனக்கு. மாதங்கள் போகப் போக, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. பிரஷர் இறங்கிவிட்டது என்று டாக்டரம்மா என் கன்னத்தைத் தட்டினார். அம்மா சிரிக்கவில்லை. கப்பல் நாள் நெருங்க நெருங்க என் மணிக்கட்டை விரலால் வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கொஞ்சம் சாப்பிடுறியா?" என்பாள். நான் தலையாட்டுவதற்குள், "வேணாம், வேணாம்" என்று சட்டியை மூடிவிடுவாள்.

மதராஸில் இறங்கியதும் பெரியப்பா என் கையைப் பிடித்தார். அப்பாவிடம், "என்ன சொல்லி அனுப்புனேன்?" என்றார்.

அம்மா அவர் எதிரே நின்று பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினாள். "டாக்டர் சொல்லித்தான் குறைச்சோம். நெஞ்சுக்கு ஆகாதாம்."

"வளர்ற புள்ளைக்கு நெஞ்சாம்! ஒண்ணைத் தீவுக்குக் குடுத்தது போதாதாம்மா உனக்கு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். பேசிக்கொள்வதாகச் சொன்ன மனிதர் டிரங்குப் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாகியும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லீவு முடிந்து அவர்கள் கப்பலேறினார்கள். நான் கரையில் பெரியப்பா பிடியில் நின்றேன். "நான் சாப்பிடுறேம்மா! குண்டாயிடுறேம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேல்தளத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொன்னபடியே சாப்பிட்டேன். பெரியம்மா நெய்யை ஊற்ற ஊற்ற, திரும்பிப் போவதற்காகவே தின்றேன். இரண்டு வருஷம் கழித்து அவர்கள் வந்தபோது பழையபடி பூசணிக்காயாக வாசலில் நின்றேன். அம்மா கட்டிக்கொண்டு அழுதாள். என் துணிமணிகளை அப்போதே எடுத்து மூட்டை கட்டியிருந்தேன்.

பெரியப்பா என் கையைப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியா, இங்க வந்துதான் தேறியிருக்கா. இங்கயே இருக்கட்டும்."