வடத்துக்குச் சத்தம் கொடுத்தவள்

இரணியல் பக்கத்து அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களுக்கு மேற்பார்வை நேசம்மாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் அங்கே ஒருத்தியும் வேலை பார்த்ததில்லை. பருப்பு முழுசாக வந்தால் பேசமாட்டாள். பிளந்தால் ஏழு தலைமுறையையும் இழுப்பாள். நல்ல வார்த்தை சொன்னால் கை அயர்ந்துவிடும் என்பது அவள் கட்சி. கட்டின புருஷன் சாகும்வரை அவளிடம் ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பொங்கலுக்கு ஊர் மன்றம் நடத்தும் பெண்கள் வடமிழுப்பில், அண்டி ஆபீஸ் அணிக்குச் சத்தம் கொடுப்பவளும் அவள்தான். பக்கத்தில் நின்று ஒருத்தி குரல் கொடுத்தால்தான் எல்லார் கையும் ஒன்றாக இழுக்கும். போன வருஷம் இறுதிப் போட்டியில் அன்னக்கிளி விழுந்து அணி தோற்றது. வடத்தின் முனையை உடம்பில் சுற்றிக்கொண்டு கடைசியில் நிற்பவள் அவள். அன்றிலிருந்து நேசம்மாள் அவளைக் கரித்துக்கொட்டாத நாளில்லை.

இந்த வருஷம் பெண்கள் கூடிப் பேசி முடிவாகச் சொல்லிவிட்டார்கள். மறுபடி தோற்றால் சத்தம் கொடுக்கக் கூட வேலை பார்க்கும் ஜிஷா வருவாள், நேசம்மாள் வீட்டில் இருக்கலாம். ஊரில் அவளுக்கு இருந்த ஒரே மரியாதை அந்த இடம்.

இந்த வருஷமும் இறுதிவரை வந்தார்கள். மூன்றில் இரண்டு இழுப்பு ஜெயிக்க வேண்டும். முதல் இழுப்பு தொடங்கியதுமே நேசம்மாள், "ஏட்டி அன்னக்கிளி, இந்தத் தடவையும் மண்ணக் கவ்வி எங்க மானத்த வாங்கிராத!" என்று கத்தினாள். அன்னக்கிளியின் கால் தடுமாறியது. அந்த இழுப்பு போயிற்று.

அன்னக்கிளி நேரே அவளிடம் வந்தாள்.

"இனி என்னய ஏசுனியன்னா வடத்த அவுத்துப் போட்டுட்டுப் போவேன். கேட்டியளா அக்கா?"

இரண்டாவது இழுப்பில் நேசம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சத்தமில்லாமல் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். வடம் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. அன்னக்கிளி மட்டும் குதிகாலை மண்ணில் புதைத்துச் சாய்ந்து நின்றாள். திட்டினால் அவள் போய்விடுவாள், சும்மா இருந்தால் தோற்றுவிடுவார்கள். இத்தனை வயசுக்கு ஒரு நல்ல வார்த்தை கைவசமில்லை அந்த மனுஷிக்கு! கண்ணில் பட்டதையே, இழு என்பதற்கு அந்த ஊர்ச் சொல்லான 'வலி'யோடு சேர்த்துக் கத்தினாள்.

"அன்னக்கிளி நிக்கா! வலி மக்கா! அன்னக்கிளி நிக்கா! வலி!"

முன்னால் நிற்பவர்களுக்குத் தங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அவள் நிற்கிறாள் என்று கேட்டதும் அவர்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. கைகள் ஒன்றாகப் பின்னால் வந்தன. அந்த இழுப்பையும் அடுத்ததையும் ஜெயித்தார்கள்.

நேசம்மாள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போய் அன்னக்கிளியின் கையைப் பிடித்தாள். அவள் உதறிவிட்டாள்.

"போன வருஷமும் நான் நல்லாத்தான் நின்னேன். 'விழப்போறா, விழப்போறா'ன்னு நீங்கதான கத்துனிய? அதக் கேட்டு முன்னால நின்னவளுவ கைய விட்டுட்டாளுவ. பொறவுதான் நான் விழுந்தேன்."

நேசம்மாள் மற்றப் பெண்களைப் பார்த்தாள். முன்னால் நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.