தண்ணீருக்குள் போன தகரம்

அமேசான் ஆற்றில் படகு ஓட்டும் பெல்மீரோவின் கடைசித் தங்கை ஜோவெலினா. ஒட்டாசிலியோவுக்கு வாழ்க்கைப்பட்டவள். மரக்கால்களின் மேல் நிற்கும் வீடு. ஒரு வெள்ளத்தில், அந்தக் கால்களில் ஒன்றைப் பற்றி ஏறி வந்த ஜரராக்கா என்னும் விஷப்பாம்புக்குத் தலைச்சன் பெண்ணைப் பறிகொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒட்டாசிலியோ பாம்பைக் கண்டால் அடிக்கமாட்டான், நின்று பார்ப்பான். அடிவயிற்றுச் செதில் மரத்தின் சொரசொரப்பில் மாட்டிக்கொள்ளும். பின்னுடம்பு மரத்தை இறுக்கிப் பிடிக்க, தலைப்பக்கம் மேலே நீளும். அங்கே பிடி கிடைத்ததும் வாலை இழுத்துக்கொள்ளும். பிடி கிடைக்காவிட்டால் சறுக்கி விழும். அதைக் கண்டுகொண்டவன், வீட்டுக் கால் ஒவ்வொன்றிலும் வழுவழுப்பான தகரத்தை அகலமாகச் சுற்றி அடித்தான்.

"மனுசனுக்கே காலுறை இல்லாத ஊருல வீட்டுக்கு மாட்டி விட்டிருக்கீரே மச்சான்" என்றான் பெல்மீரோ.

ஆனாலும் அதற்குப் பின் ஒரு பாம்பும் ஏறவில்லை. பையன் நசாரியோ பிறந்தான்.

அந்த வருஷம் வெள்ளம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எல்லோரையும்போல ஒட்டாசிலியோவும் பலகை அடித்துத் தரையைக் கூரைப்பக்கமாக உயர்த்தினான். மேட்டில் இருந்த தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி பெல்மீரோ கூப்பிட்டுப் பார்த்தான். வெள்ளத்துக்காகத் தண்ணீருக்கு மேலே கட்டிய மரப்பரண்மேல் நிற்கும் மாடுகளை விட்டுவிட்டு எப்படி வருவது, பாம்புக்குத்தான் தகரம் இருக்கிறதே என்று ஒட்டாசிலியோ சொல்லிவிட்டான்.

ஒருநாள் மத்தியானம் அவன் மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தான். ஜோவெலினா ஊஞ்சல்தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஒரு கோடு நெளிந்து வந்தது. உடம்பை இடமும் வலமுமாக வளைத்து, வளைவுக்கு வளைவு தண்ணீரைப் பின்னே தள்ளிவந்த ஜரராக்கா. அவள் பயப்படவில்லை. அது வீட்டுக் காலைச் சுற்றித் தலையை உயர்த்தியபோதுதான் பார்த்தாள்: தகரம் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. தரையை உயர்த்தியவர்களுக்கு அதை உயர்த்தத் தோன்றவில்லை.

துடுப்பால் பாம்பை நெட்டித் தள்ளினாள். பிள்ளையை எடுத்துக்கொண்டு சின்னப் படகில் இறங்கி உட்கார்ந்தாள். கணவன் புல்லோடு வந்தபோதும் அசையவில்லை.

"உன் தகரம் எங்கய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் குனிந்து பார்த்தான். வெறும் மரமும் தண்ணீரும்தான்.

"ஒண்ணக் குடுத்தாச்சு. இவனக் குடுக்கமாட்டேன். நீ மாட்டோட இரு, நான் அண்ணன்கிட்டப் போறேன்."

அவன் பரணில் புல்லைப் போட்டான். நீந்தியாவது பிழைக்கட்டும் என்று மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டான். பிறகு வந்து துடுப்பை வாங்கிக்கொண்டான்.

ஜோவெலினா அந்த வீட்டுக்குத் திரும்பவேயில்லை. நசாரியோ நடக்கப் பழகியது மேட்டில், தரையோடு தரையாக இருந்த மாமன் வீட்டில்தான்.