மிடுக்கி

இன்று திருவனந்தபுரம் பழவங்காடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "மிடுக்கி!"

எழுபதுகளில் என்னோடு ப்ரீ டிகிரி படித்தவர். இப்போது நல்ல வழுக்கை. "ஞங்ஙளுடெ கிளாஸிலெ மிடுக்கி" என்று மனைவியிடம் என்னை அறிமுகப்படுத்தினார். மலையாளத்தில் கெட்டிக்காரி என்று பொருள். அந்தம்மா மரியாதையாகச் சிரித்தார்.

நடந்தது வேறு.

அன்று பிஸிக்ஸ் வகுப்பில் ஒரு கணக்கு: நின்றிருந்த பஸ் ஐந்து நொடியில் நொடிக்குப் பத்து மீட்டர் வேகம் எடுத்தால், அதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? முதலில் எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சார் கேட்டார். நான் போனக்காடு எஸ்டேட்டிலிருந்து தமிழ் மீடியம் படித்து வந்தவள். எழுந்து, "முடுக்கம் சார்" என்றேன்.

"எந்தா? மிடுக்கோ? மிடுக்கி அவிடெ இரி!"

கெட்டிக்காரி அங்கேயே உட்காரட்டும் என்று கேலி. வகுப்பே சிரித்தது. இருபத்தைந்து மீட்டர் என்று நான் போட்டு வைத்திருந்த விடையை யாரும் பார்க்கவில்லை.

அடுத்து, இன்று கூப்பிட்ட இவர் எழுந்து அதையே இங்கிலீஷில் "ஆக்ஸிலரேஷன்" என்றார். சார் இவர் முதுகில் தட்டி, "மிடுக்கன்!" என்றார்.

அதன்பிறகு கேன்டீனில்கூட எனக்கு அதுதான் பெயர். மறு வருஷம் பிஸிக்ஸே வேண்டாமென்று டைப்ரைட்டிங் போய்விட்டேன். இவருக்குப் பெயர் மட்டும் நினைவிருக்கிறது, அது வந்த விதம் மறந்துவிட்டது.

"அப்போ சேச்சி பிஸிக்ஸ் டீச்சர் ஆயிருந்தோ?" என்று அந்தம்மா கேட்டார்.

"இல்லம்மா, டைப்பிஸ்ட்."

பிஸிக்ஸில் நான் வாங்கிய பட்டம் இந்த 'மிடுக்கி' ஒன்றுதான். இதைப் படிக்கும் நீங்கள் வகுப்பில் வாங்கிய பட்டம் என்ன?