சீட்டில் விட்ட கோழி

மனிதர்கள் பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு இறங்குவார்கள். நான் வேண்டுமென்றே பொம்மையை மறந்துவிட்டு இறங்குகிறவன். தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கும் பெட்டிகளின் பலகை, நகத்தால் அழுத்தினாலே பதியும் அளவுக்கு மெதுவானது. சூப்பர்வைசரிடம் கேட்டுத் துண்டுகளை எடுத்துவந்து, குன்றத்தூர் வீட்டில் உட்கார்ந்து வண்டி, ஆமை, யானை என்று செதுக்குவேன். யானை என்று நான் சொன்னால்தான் யானை. என் மனைவி அதைத் தையல் மெஷின் என்று நினைத்தாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. செய்ததையெல்லாம் வீட்டில் வைத்தால் அவள்தான் தினமும் தூசி தட்ட வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரகடம் பக்கமோ வேறெங்கோ பஸ் ஏறிப் போய், காலி சீட்டில் ஒன்றை வைத்துவிட்டுத் திருடனைப் போல இறங்கி நடப்பேன். யாரோ ஒரு பிள்ளை எடுத்திருக்கும். எடுப்பதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. தைரியம்தான் இல்லை. அந்தப் பிள்ளையும் தையல் மெஷினா என்று கேட்டுவிட்டால்?

கடைசியில் ஒரு கோழி செய்தேன். அடியில் நூலில் ஈயக்குண்டு தொங்கும். குண்டு ஆடினால் கோழி டொக் டொக்கென்று பலகையைக் கொத்தும். கோழிதான் என்று மனைவியே ஒப்புக்கொண்டாள். இதை எடுக்கிற பிள்ளையைப் பார்த்தே தீருவது என்று, ஒருநாள் ஷிஃப்ட் முடிந்ததும் குன்றத்தூர் பஸ்ஸில் ஏறி, நடு சீட்டில் வைத்துவிட்டுக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். தூறலுக்காகச் செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி, சணல் போட்டுக் கட்டியிருந்தேன்.

அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததை உலகமே அறியும். அதற்குப் பிறகு ஆளில்லாத பார்சலைக் கண்டால் ஆடுமாடுகூட விலகித்தான் நடந்தது. எனக்கும் தெரியும். கோழி செய்த மிதப்பில் மறந்துபோனேன்.

பஸ் குலுங்கியது. பார்சலுக்குள் டொக், டொக் என்று ஆரம்பித்தது. முன் சீட்டுக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டார். அடுத்த நிமிடம் வண்டி ஓரமாக நிற்க, எல்லோரும் வயல் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தோம். ஆமாம், நானும்தான் ஓடினேன். பாதி தூரம் போன பிறகுதான் அது என் கோழி என்று நினைவு வந்தது.

திரும்பிப் போய்ப் பிரித்துக் காட்டினேன்.

"உன் பொருள அங்க வச்சிட்டு, பின்னாடி இன்னாய்யா பண்ணிகினு இருந்த?" என்றார் கண்டக்டர்.

முகம் தெரியாத பிள்ளைக்காக வைத்தேன் என்றால் நேரே போலீஸ் ஸ்டேஷன்தான். "என் பொண்ணுக்குச் செஞ்சதுங்க. இடம் மாறி உக்காந்துட்டேன்," என்றேன்.

"புள்ளைக்கு எடுத்துகினு போறவன் மடியில வச்சிகினு போவியா, எங்க வயித்துல புளிய கரைப்பியா?" என்று கோழியை என் கையிலேயே திணித்தார்.

மறுபடி ஏறினோம். என் பக்கத்து சீட்டில் ஓர் இளம் தாய், மடியில் நாலு வயசுச் சிறுமி. சிறுமியின் கண் கோழியைவிட்டு நகரவில்லை. வைத்துக்கொள்ளம்மா என்று நீட்டினேன். தாய் தடுத்தாள்.

"வேணாண்ணே. உங்க பொண்ணு ஏமாந்து பூடும். கொஞ்ச நேரம் வெளையாடிட்டுக் குடுத்துடுவா."

சொன்ன பொய்யைத் திரும்ப வாங்க முடியவில்லை. வழி முழுக்கச் சிறுமி கோழியைக் கொத்தவிட்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் என் பெண்ணைப் பற்றி விசாரித்தாள். வயசு? நாலு என்றேன். சாப்பிடுவாளா? ரசஞ்சோறு மட்டும், அதுவும் தெருவெல்லாம் அலையவிட்டுத்தான். இவளும் அப்படித்தான் என்று சலித்துக்கொண்டாள். தலை வாரினால்? ஊரைக் கூட்டுவாள் என்றேன். எதற்கும் நான் யோசிக்கவேயில்லை. பொய் எனக்குப் புதிதல்ல; ஒரு பொய்க்குள்ளேயே குடியிருந்துவிடலாம் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

குன்றத்தூரில் எழுந்தபோது சிறுமி தானாகவே கோழியை நீட்டினாள். பாப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"சீக்கிரம் போங்கண்ணே," என்றாள் தாய். "புள்ள வழி பாத்துகினு இருக்கும்."

நானும் வேகமாகத்தான் நடந்தேன்.