பாவ்ஷியா வளர்த்த பவளச் சுவர்

காவ்சியூங் துறைமுகத்தை ஒட்டிய யென்செங் சந்தைத் தெருவில் இருக்கிற அந்தச் சின்ன முடி அலங்காரக் கடையைத் தொடங்கியது பாவ்ஷியாவின் மாமியார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகியும் பெயர்ப்பலகையில் அவர் பெயர்தான். ஒரு சுவரில் அவர் வைத்த சாமி மாடம். எதிர்ச்சுவரில் நாத்தனார் மெய்ஹுவான் தேர்ந்தெடுத்த நீளக் கண்ணாடி. மிச்சமிருந்த சுவர் முழுக்கக் கணவன் வென்தாங் தூண்டில் போட்டிகளில் வாங்கிய கேடயங்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தலை கழுவும் வேலைக்கு வந்து, அந்த வீட்டுக்கே மருமகளானவள் பாவ்ஷியா. அந்தக் கடைச் சுவர்களில் அவள் ஒரு ஆணிகூட அடித்ததில்லை.

தொட்டி வந்தது தற்செயலாக. வீடு மாற்றிப் போன வாடிக்கையாளர் ஒருத்தி, வேண்டுமானால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் தூக்கிப் போடு என்று விட்டுப்போனாள். ஒரு ஆள் தனியாகத் தூக்கக்கூடிய கண்ணாடித் தொட்டி. பாவ்ஷியா அதைத் துடைத்து, நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு அலமாரியின் மேல் வைத்தாள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதிர்க் கண்ணாடியில் அது தெரியும்.

தெருக்கோடியில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்த லியாவிடம் போய், பின்பக்கக் கண்ணாடி முழுக்க ஏறிப் படர்கிற பவளம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். எல்லோரும் கல்லை அடுக்கி அதன் மேல்தான் பவளம் வைப்பார்கள், பின்பக்கத்துக்குக் கறுப்புத் தாள் ஒட்டினால் போதும் என்றார் லியாவ். அவள் நகரவில்லை. ஒரு கல்லிலிருந்து சுரண்டிக் குப்பைக்குப் போகவிருந்த ஊதா நிறப் பவளத் துணுக்கை அவர் எடுத்துக் காட்டினார்.

"இது களை மாதிரிம்மா. ஒருதடவை ஏறிடுச்சுன்னா இறங்காது. பக்கத்துல எதையும் வாழ விடாது."

"அதையே குடுங்க," என்றாள் பாவ்ஷியா.

கண்ணாடியைப் பழைய சவரப் பிளேடால் சுரண்டிச் சுத்தம் செய்து, துணுக்கின் அடியில் பசை வைத்து, தொட்டியில் நிரப்பிய கடல்தண்ணீருக்குள் கைவிட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள். விழுந்தது. மறுபடி ஒட்டினாள். அதுவும் விழுந்தது. வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஒன்று பிடித்துக்கொண்டது. தண்ணீரைத் தள்ளும் சின்ன மோட்டாரை அந்தப் பக்கம் திருப்பிவைத்தாள். ஊதாத் தோல் கண்ணாடியில் வழிந்த ஜாம் போலப் பரவியது. அதிலிருந்து பச்சைப் பச்சையாக நூல் விரல்கள் முளைத்து நீரோட்டத்தில் ஆடின. ஆரம்பத்தில் இரண்டு மீன்கள் இருந்தன. அவற்றுக்கு இரை போடப் போட அழுக்குப் பாசி கிளம்பித் தோலை மூடியது. மீன்களை லியாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். தலைக்கு ஸ்பிரே அடிக்கும்போது தொட்டியை மூடி மேலே ஈரத்துண்டு போட்டாள். ஒருவழியாகப் பின்சுவர் முழுக்கப் பச்சையானது.

மீன் இல்லாத தொட்டி என்பதுதான் தெருவுக்குப் பொறுக்கவில்லை. கடையில் மீன் வளர்ப்பது அழகுக்காக மட்டுமா? வீட்டுக்கு வரும் கெட்டதை மீன் தாங்கிக்கொள்ளும், தான் செத்து வீட்டாரைக் காப்பாற்றும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மீன் செத்தால் நல்லவேளை என்று சொல்லிப் புது மீன் வாங்குவார்கள். வாத்துக்கறி விற்கும் சுங் அம்மா தலையில் நுரையோடு உட்கார்ந்துகொண்டே கேட்பாள்: "ஏண்டி, மண்ணுல இடம் இல்லைன்னா தண்ணிக்குள்ள புல்லு வளர்க்கிறே? ஆடு வாங்கப் போறியா?"

பாவ்ஷியா நுரையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். யாருக்கும் அவள் பெரிதாகப் பதில் சொல்லி அந்தத் தெரு கேட்டதில்லை.

அந்த வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் வென்தாங்கின் ஸ்கூட்டர் வழுக்கிக் கால் முறிந்தது. மாவுக்கட்டோடு கடை மூலையில் உட்கார்ந்துவிட்டான். மெய்ஹுவான் கோயிலுக்குப் போய்க் குறி கேட்டு வந்தாள். தம்பிக்கு இது ஆகாத வருஷம், அடியைத் தாங்க வீட்டில் ஒரு உயிர் இல்லை, அதனால்தான் அவன் மேலேயே விழுந்துவிட்டது என்று குறிகாரர் சொன்னாராம். தொட்டியைக் கழுவிச் சிவப்பு மீன் விட வேண்டும் என்றாள். வென்தாங்கும் மெதுவாக, அக்காவின் மனசுக்காகச் செய்துவிடலாமே, புல்லை வேறு எங்கேயாவது மாற்றி வைத்துக்கொள் என்றான்.

எங்கே மாற்றுவது? அது கல்லில் இருந்தால் கல்லோடு தூக்கலாம். கண்ணாடியிலேயே ஏறிவிட்டதை உரித்தால் கிழிந்து நாராகிவிடும். அதுவும் கடல்தண்ணீரில் வாழ்கிறது, உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒரு பொழுதுகூடத் தாங்காது.

"முடியாதுக்கா," என்றாள் பாவ்ஷியா. "இது என் தொட்டி."

அந்தக் கடைக்குள் அவள் 'என்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மெய்ஹுவான் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை காலை. கடை நிறைந்திருந்தது. சுங் அம்மாவை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பாவ்ஷியா அவள் தலையில் நுரையைக் கொம்பு மாதிரி ஏற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை நுரை. எதிர்க் கண்ணாடியில் மெய்ஹுவான் உள்ளே வருவது தெரிந்தது. கையில் பெரிய பிளாஸ்டிக் பை, பைக்குள் சிவப்பாக அசைந்தது. மெய்ஹுவான் நேரே தொட்டியிடம் போனாள். மூடியைத் தூக்கினாள். பையைத் தண்ணீரோடு அப்படியே கவிழ்த்தாள்.

ஆற்றுத் தண்ணீரில் வளர்கிற கொழுத்த மீன்கள் அவை, மங்கலத்துக்கு வாங்குகிறவை. உப்பில் விழுந்ததும் கண்ணாடியில் முட்டி மோதின. பச்சை விரல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே இழுத்துக்கொண்டன. கண்மூடித் திறப்பதற்குள் சுவர் வெறும் ஊதாத் தோலாகிவிட்டது.

பாவ்ஷியா நாற்காலியை விட்டு விலகினாள். கையை மேலங்கியில் துடைத்துவிட்டுத் துண்டால் மறுபடி துடைத்தாள். சாயம் வடிகட்டுகிற சல்லடையை எடுத்து ஒவ்வொரு மீனாக அள்ளினாள். வற்றுகிற தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவதற்காக நல்ல தண்ணீர் பிடித்துவைத்திருந்த வாளி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். அதில் விட்டாள். ஒன்று மட்டும் புரண்டு மிதந்தது.

மெய்ஹுவான் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா? விட்ட உடனே அடியை வாங்கிக்கிச்சு. தம்பிக்கு வர இருந்தது."

"அடிச்சது நீங்கக்கா," என்றாள் பாவ்ஷியா. குரல் உயரவில்லை. "சாமி ஒண்ணும் அடிக்கல."

சுங் அம்மா தலையில் கொம்போடு திரும்பிப் பார்த்தாள். மெய்ஹுவானுக்குக் காது சிவந்தது. அம்மா ஆரம்பித்த கடையில் நின்றுகொண்டு என்னிடம் இப்படியா பேசுகிறாய் என்று தொடங்கி, படிக்காதவள், வாழவந்த இடத்தில் புல்லுக்குக் கொடுக்கிற மரியாதையை மனுஷனுக்குக் கொடுப்பதில்லை என்று பொரிந்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். சாயங்காலத்துக்குள் தொட்டியைக் காலி பண்ணச் சொல்லு என்றாள்.

வென்தாங் வாளியைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். "எனக்குக் கால் வலிக்குதுக்கா," என்றான்.

"காலி பண்றதுக்கு அவர் எதுக்கு?" என்றாள் பாவ்ஷியா. "நானே பண்றேன். தொட்டியோட என் கத்திரிக்கோலும் போகும். கடையை நீங்க எடுத்து நடத்துங்க. சுங் அம்மா தலையில நுரை காயுது, அதுலேருந்தே ஆரம்பிக்கலாம்."

"ஐயோ, என் தலையை அவ கையில குடுக்காதே," என்றாள் சுங் அம்மா.

யாரோ சிரித்தார்கள். மெய்ஹுவான் சிரிக்கவில்லை. வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். "நாளைக்கு இன்னொண்ணு நடந்தா அழுதுகிட்டு என்கிட்ட வராதே. தாங்க உன் வீட்டுல ஒரு மீன்கூட இல்லை."

"மீனு எதுக்குக்கா தாங்கணும்? அது யாருக்கு என்ன பண்ணுச்சு? வர்றது என் மேல விழட்டும். நான் தாங்கிக்கிறேன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் சுங் அம்மாவின் தலைக்குத் திரும்பினாள். காய்ந்த நுரையை நனைத்துத் தேய்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு மெய்ஹுவான் போனாள்.

சுவரில் ஒரு பச்சை விரலும் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. நல்ல தண்ணீர் கலந்து உப்பு இறங்கிப்போயிருந்தது. லியாவிடம் கடல்தண்ணீர் வாங்கிவந்து, ஒரேயடியாக ஊற்றாமல் கிண்ணம் கிண்ணமாக மாற்றினாள். கீழ் மூலையில் தோல் வெளுத்து, நொய்ந்து, கெட்ட வாடை அடித்தது. வாடிக்கையாளர்கள் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். செத்துவிட்டதோ என்று வென்தாங் கேட்டான். செத்தால் செத்த சுவரும் என்னுடையதுதான், எடுக்க மாட்டேன் என்றாள். அவன் பிறகு கேட்கவில்லை. ஆனால் அவள் முடியைச் சுருட்டும் பெர்ம் மருந்து கலக்கும்போது ஊன்றுகோலோடு எழுந்துபோய்த் தொட்டியின் மேல் ஈரத்துண்டைப் போட்டான்.

ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், மேல் ஓரத்தில் ஒரு விரல் வெளியே வந்தது. பிறகு அதன் பக்கத்தில் நாலைந்து. வார முடிவில் முக்கால் சுவர் ஆடியது. கீழ் மூலை மட்டும் தேறவில்லை.

பாவ்ஷியா பிளேடை எடுத்து அழுகின பாகத்தைச் சுரண்டினாள். அதன் ஓரத்தில் உயிரோடு இருந்த துணுக்குகள் சில கையோடு பெயர்ந்து வந்தன. லியாவ் அப்போது கடையில் முடி வெட்டிக்கொள்ள வந்திருந்தார். அவற்றைக் காலியான மூலையிலேயே ஒட்டிவிடு என்று நாற்காலியிலிருந்து சொன்னார்.

அவள் பசை வைத்து, தொட்டியின் இடதுபக்கக் கண்ணாடியில் ஒட்டினாள்.

"அந்தப் பக்கமும் மூடிடும்மா. அப்புறம் வலது பக்கமும் போயிடும்."

"போகட்டும்."

"பார்க்க முன்பக்கம் மட்டும்தான் இருக்கும்."

"பார்க்கிறதுக்கு அது போதும்," என்றாள் பாவ்ஷியா. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவள் மாதிரி முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தோள் வரை கையை உள்ளே விட்டு, துணுக்கைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்தாள். பாதி வெட்டின முடியோடு லியாவ் காத்திருந்தார்.