அத்தான் பெயரில் இருந்த சர்வர்

எனக்கு வாய் நீளம் என்று அம்மா சொல்வாள். இருக்கட்டும். ஆனால் வாயைத் திறந்தே ஆகவேண்டிய நேரத்தில் அதை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

2009இல் எம்.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். சென்னைக்கு அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. "மூணு மாசம் தாறேன். நீ செய்யுத வேலைய யாராவது ஒருத்தர் எடுத்துக்கிட்டா அதையே செய்யி. இல்லேன்னா வாயத் தொறக்காம பி.எட்.டுக்குப் போணும்" என்றார். அப்பா மீன் மொத்த வியாபாரி. சொன்னால் சொன்னதுதான்.

மார்த்தாண்டத்தில் ஒரு எலும்பு மருத்துவர் இருந்தார். பேச்சிப்பாறை மலைப்பக்கத்துச் சனம் முதல் பஸ்ஸைப் பிடித்து அவரைப் பார்க்க வந்து சேர்வதற்குள் அன்றைய டோக்கன் தீர்ந்துபோயிருக்கும். பேச்சிப்பாறையில் ஒரு செல்போன் கடையில் இன்டர்நெட் இருந்தது. அந்தக் கடையிலேயே முந்தின நாள் டோக்கன் போட்டுவிட்டு வரட்டும் என்று நான் ஒரு புரோகிராம் எழுதினேன். மருத்துவர் அரை மனதோடு தலையாட்டினார்.

"ஒரு திங்கக்கெழமை போட்டுப் பாப்போம். ஆனா டோக்கன் போட்டுட்டு வராம இருக்கது யாருன்னு எனக்குத் தெரியணும், கேட்டியா மோளே?"

அதற்கும் ஒரு வழி செய்தேன். மருத்துவமனை கவுன்டரில் பெயரை அழுத்தினால் 'வந்தார்'. அழுத்தாதவர்களை எல்லாம் அந்தத் தேதி கழிந்ததும் சர்வர் தானாகவே 'வரவில்லை' என்று குறித்துவிடும்.

புரோகிராம் தயார். அதை வைக்க இடம் வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் சர்வர் இடம் வாங்கக் கிரெடிட் கார்டு கேட்டார்கள். எங்கள் கடற்கரையில் அன்றைக்குக் கார்டு வைத்திருந்தவர் யார்? வளைகுடாவில் வேலை பார்த்த அக்கா புருஷன், என் அத்தான். "இதுக்கு என்ன மக்களே யோசன" என்று அன்றைக்கே வாங்கிக் கொடுத்தார். அவர் கார்டு, அவர் பெயர், அவருடைய ஆபீஸ் மின்னஞ்சல். நல்ல மனிதர். இதைச் சொல்லாமல் மேலே போனால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள்.

அது பங்கு சர்வர். லைன் வீடு மாதிரி. ஒரே தண்ணீர்த் தொட்டியில் முகம் தெரியாத பல பேர் குடித்தனம். யாராவது ஒருத்தர் தொட்டியை மொத்தமாகக் காலி செய்தால் கம்பெனி அவர் வீட்டுக் குழாயை அடைத்துவிடும். அந்த ஒண்டுக்குடித்தனத்தில் என் புரோகிராமை ஓடவைக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்ததற்கு, 'பிழை 500' என்று மட்டும் ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டி மூன்று நாள் என்னை அழவைத்தது. எந்த ஃபோல்டரை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று ஒவ்வொன்றாகப் பூட்டினேன். பக்கத்துக் குடித்தனக்காரன் என் டோக்கன் பட்டியலை எட்டிக்கூடப் பார்த்துவிடக் கூடாதே! நான் உண்டாக்கிய டேட்டாபேஸ் ஒவ்வொன்றின் முன்னாலும் அத்தான் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதை மாற்ற வழி கிடையாது. போகட்டும், வேலை என்னுடையதுதானே என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதம் அத்தான் திருவிழாவுக்கு லீவில் வந்தார். எங்கள் கோயில் திருவிழா பத்து நாள். வர முடியாத வளைகுடாப் பிள்ளைகளுக்காக வீடியோ போடவேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது. "அதுக்கு எதுக்கு வெளிய போணும், நம்ம சர்வர் இருக்குல்லா" என்று அத்தான் எழுந்து நின்று பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். கமிட்டி நோட்டில் அதை எழுதியும் வைத்துக்கொண்டார்கள். போன் வந்த புதிதில் ஒரு வீட்டு நம்பரைத் தெருவே பி.பி. நம்பர் என்று கொடுத்த ஊர் இது. ஒரு வீட்டில் ஒன்று இருந்தால் அது எல்லாருக்கும்தான். அதில் யாரும் தப்பு காணமாட்டார்கள்.

நான்காம் திருவிழா அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பூசை, சப்பரம், வாணவேடிக்கை என்று வீடியோ குவிந்து கிடந்தது. அப்பாவிடம் போனேன்.

"இது நிக்காதுப்பா. பாரம் தாங்காம கம்பெனிக்காரன் நிறுத்திப்போடுவான். அத்தான்கிட்ட சொல்லுங்க."

"கோயில் காரியம். அவன் காசு, அவன் சர்வர். நீ பேசாம இரி."

பேசாமல் இருந்தேன். திருவிழா முடிந்த மறுநாள் திங்கள்தான் மருத்துவர் குறித்துக்கொடுத்த நாள்; அவரிடமாவது ஒரு வாரம் தள்ளிப்போடுவோம் என்று சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. சொல்லவில்லை.

பத்தாம் திருவிழா, ஞாயிறு. தேர் புறப்பட்ட வீடியோ ஏறியதும் துபாயும் குவைத்தும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். மத்தியானம் நான் திறந்தபோது கணக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்ற ஒற்றை வரிதான் இருந்தது. பேச்சிப்பாறைக் கடைக்காரர் அதற்குள் பதினொரு பேருக்கு டோக்கன் போட்டிருந்தார். பதினொன்றும் உள்ளே; அவர் பெயர்களைத் தனியாக எழுதிவைக்கவில்லை. தினமும் ஒரு நகல் எடுத்துவைக்கும்படி ஏற்பாடு செய்திருந்தேன். அந்த நகலையும் அதே சர்வரில்தான் வைத்திருந்தேன், மடச்சி!

கம்பெனிக்கு எழுதினேன். கணக்குக்காரர் தம்முடைய மின்னஞ்சலிலிருந்து எழுதினால்தான் திறப்போம் என்று பதில் வந்தது. ஓடினேன். அத்தான் தேர்வடத்தில் இருந்தார். நேர்ந்துகொண்ட நேர்ச்சை. பிடித்த வடத்தை நடுவில் விடமாட்டார்கள். கூட்டத்தில் இடித்துக்கொண்டு கூடவே நடந்து கத்தினேன்.

"அத்தான், ஒரு மெயில் அனுப்பணும்! இப்பவே!"

"தேரு நிலைக்கு வரட்டும் மக்களே!"

தேர் நிலைக்கு வந்தது. அத்தான் தோளெல்லாம் சிவந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார். "அது ஆபீஸ் மெயிலுல்லா? அங்க உள்ள கம்ப்யூட்டர்லதான் தொறக்கும். நான் போய்ச் செய்யுதேன், நீ வெசனப்படாத." அவர் திரும்பிப் போக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒலிபெருக்கியில் திருவிழாவை உலகமெங்கும் காட்டிய அன்பருக்கு நன்றி சொன்னார்கள். கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

திங்கள் காலை ஆறு மணிக்கே மருத்துவமனைக்குப் போய் நின்றேன். பட்டியல் இல்லை என்றதும் கவுன்டர் சிஸ்டர் பழைய நோட்டை எடுத்து, வந்தவர்களை வரிசையாக எழுதிவிட்டார். முதல் பஸ்ஸில் பதினொரு பேரும் வந்து இறங்கினார்கள். கையில் கடைக்காரர் நம்பர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு.

"இத யாரு வேணும்னாலும் எழுதலாமே. கடைசில இரிங்க" என்றார் சிஸ்டர்.

நான் சண்டை போட்டேன், கெஞ்சினேன், மருத்துவர் அறைக்குள்ளேயே போனேன். "நோட்டு போதும் மோளே" என்றார் அவர், தலை நிமிராமல்.

அவர்களில் ஒரு பெண் தன் மாமியாரைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்திருந்தாள். கிழவிக்கு இடுப்பு வலியில் காலை ஊன்ற முடியவில்லை. சாயங்காலம் வரை பெஞ்சில் முனகிக்கொண்டு கிடந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் பார்க்காமலே எழுந்தார்கள். போகிறபோது அவள் என் கையைப் பிடித்து, "டோக்கன் போட்டா ஒடனே பாக்கலாம்னு சொன்னியளே பிள்ளே" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்பா பி.எட். விண்ணப்பத்தை மேசைமேல் வைத்திருந்தார்.

அத்தான் வளைகுடா போய்ச் சேர்ந்த மறுநாளே மெயில் அனுப்பினார். பத்து நிமிடத்தில் சர்வர் திறந்துகொண்டது. உள்ளே போனேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. நான் சொல்லிவைத்த வேலையையும் எழுந்ததும் முதல் வேலையாகச் செய்து முடித்திருந்தது. பதினொரு பெயர், பதினொன்றுக்கும் நேராக 'வரவில்லை'. கிழவியின் பெயர் நாலாவது.

ஒவ்வொன்றாக 'வந்தார்' என்று மாற்றினேன். அதை இனி ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரியும். பதினொன்றையும் மாற்றிவிட்டுத்தான் விண்ணப்பத்தை எடுத்து நிரப்பினேன்.