நாக்கை நீட்டிய சிங்கம்

மிக்கியோன் பிறந்ததிலிருந்து சிங்கத்தைக் கண்டதில்லை. ஆந்த்ரோஸ் தீவில் யார்தான் கண்டார்கள்? ஆடு உண்டு, கழுதை உண்டு, அதைவிட முரட்டு மனிதர்களும் உண்டு. ஆனாலும் கோயில் கூரையோரத்தில், மழைத்தண்ணீர் கொட்டும் வாய்க்குச் சிங்கத் தலைதான் வைக்க வேண்டும். அது இல்லாத கோயில் தாடி முளைக்காத மாப்பிள்ளை மாதிரி.

மலைமேல் கல்குழியில் சதுரக் கல் கொத்தியே அவன் வாலிபம் கழிந்தது. அமாவாசைக்கு ஒருமுறை வீட்டுக்கு இறங்குவான். அப்போதும் அவனுடைய சின்ன மகள் யாரோ என்று பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஒருநாள் அது பொறுக்காமல் நேராகக் கோயில் மேஸ்திரி தேமரேத்தோஸ் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, எனக்கு முகம் செதுக்கவும் வரும்."

"சிங்கத் தலை ஒண்ணு செஞ்சு காட்டு. தேறினா இங்கயே வேலை. தேறலன்னா மலைக்கே போயிரு."

மாதிரிக்கென்று ஏதென்ஸிலிருந்து ஒரு களிமண் சிங்கம் கப்பலில் வந்தது. அலை உருட்டிய உருட்டில் பிடரி மட்டும் கம்பீரமாக வந்து சேர்ந்தது. மூக்கும் வாயும் தூள். மற்ற கொத்தர்கள் ஆளுக்கொரு வாயைக் கற்பனை செய்து, பல்லைக் கடித்துச் சீறும்படி வடித்தார்கள். மிக்கியோனுக்குக் கற்பனை ஓடவில்லை. காலடியில் அவன் நாய் தூமோஸ் வெயில் தாங்காமல் மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது. அதன் வாயைப் பார்த்தான். நாலு கால் பிராணிதானே, பெரிதாக என்ன வித்தியாசம் இருந்துவிடப்போகிறது! உதட்டைத் தாண்டித் தொங்கும் நாக்கோடு அப்படியே செதுக்கிவிட்டான்.

தலைகளைக் கூரையில் ஏற்றிய அன்று ஊரே கூடிவிட்டது.

"டேய் மிக்கியோன், இது கடிக்குமா, கையை நக்குமா?" என்றான் பக்கத்துத் தலையைச் செதுக்கிய சிமோன்.

"உன் சிங்கத்துக்குப் பல்வலியாடா?" என்று திருப்பிக் கொடுத்தான் மிக்கியோன். ஆனால் மேஸ்திரி சிரிக்கவே இல்லை.

"தண்ணி விட்டுப் பார்ப்போம். அப்புறம் அந்த நாயை இறக்கிரலாம்" என்றார் அவர்.

கோடையில் மழைக்கு எங்கே போவது? பெண்கள் ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தார்கள். முன்னால் மிக்கியோன் மனைவி மெலித்தா.

"ஏண்டி மெலித்தா, உன் வீட்டுக்காரரு நாயைக் கோயில்ல ஏத்திட்டாரே, எலும்பு கொண்டாந்தியா?" என்றாள் சிமோன் மனைவி.

"உன் வீட்டுக்காரரு மூஞ்சியச் செதுக்கியிருந்தா ஆந்தைன்னு ஊரே ஓடியிருக்கும், போடி!"

சொல்லிவிட்டுக் கணவனிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, மறுபடி மலைக்குத்தான்னா இந்த நாயையும் கூட்டிட்டுப் போங்க. பண்ணினது அதுதானே!"

கூரையில் தண்ணீர் ஊற்றினார்கள். சிமோனின் சிங்கத்தில் வந்த தண்ணீர் பல்லில் மோதிச் சிதறி, தாடை வழியாக இறங்கி, புதுச் சுவரெல்லாம் ஓடியது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. சுவரோரம் நின்ற பூசாரியின் வெள்ளாடை நனைந்து தொங்கியது. "சிங்கம் ஜொள்ளு விடுது!" என்று யாரோ கத்தினார்கள்.

கடைசியில் மிக்கியோன் செதுக்கிய தலை. தண்ணீர் நாக்கில் வழுக்கி, வில் மாதிரி வளைந்து, படிகளையெல்லாம் தாண்டிப் பாய்ந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று தூரத்தில் போய் நின்றிருந்த மேஸ்திரியின் மண்டையில் கொட்டியது.

மிக்கியோன் மனதுக்குள் மூட்டை கட்டவே தொடங்கிவிட்டான். மேஸ்திரி தாடியைப் பிழிந்துகொண்டே அந்தத் தலைக்குக் கீழே சுவரிடம் போய்த் தடவிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு ஈரம் இல்ல." நிமிர்ந்தார். "இறக்குங்கடா!"

"நாயைத்தானேங்க?" என்றான் சிமோன் ஆவலாக.

"மத்ததையெல்லாம்! அந்த நாயைப் பார்த்துப் புதுசாச் செதுக்குங்க."

அன்றிலிருந்து தூமோஸுக்கு ராஜயோகம். கொத்தர்கள் பாலாடைக்கட்டியைக் காட்டி உட்காரவைத்தார்கள். நிழலில் சுகமாக உட்கார்ந்தால் நாய் எதற்கு நாக்கை நீட்டும்? ஆகவே சிமோன் அதைக் கோயிலைச் சுற்றி ஓடவிட வேண்டியதாயிற்று. கூடவே அவனும் ஓடினான். இருவரும் நாக்கை நீட்டிக்கொண்டு வந்து சேர்வார்கள்.

மிக்கியோன் பிறகு மலையேறவில்லை. அந்தக் குளிர்காலத்தின் முதல் மழையில், சுவரோரம் நனையாத இடத்தில் நின்றான். தோளில் மகள். அவள் வரிசையாக ஒவ்வொரு சிங்கத்தையும் சுட்டிக்காட்டி, "தூமோஸ்! இதுவும் தூமோஸ்! அதுவும் தூமோஸ்!" என்று கத்திக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் கீழே நாய் வாலை ஆட்டியது.